இதோட இருக்கட்டும்

"திருடறதுக்கில்லீங்க ஏட்டய்யா, தொறக்கறதுக்கு. ரெண்டும் வேற வேற. திருட வர்றவன் கடப்பாரையில ஒரே போடா போட்டுட்டுப் போயிடுவான், அவனுக்கு ஏது இத்தன பொறுமை?"

சொல்லிக்கிட்டே நாச்சிமுத்து, மேசை மேல விரிச்சிருந்த பழைய துண்டுல வரிசையாக் கெடந்த கம்பிகள எடுத்து எடுத்து, புதுசா மாத்தலாகி வந்திருந்த ஏட்டுகிட்டக் காட்டினாரு. ஒண்ணு காத்துல மல்லாந்து செத்துப்போன குடையோட கம்பி, ஒண்ணு சைக்கிள் சக்கரத்துக் கம்பியச் சுத்தியால தட்டித் தட்டி ஓலையாட்டம் ஆக்கினது, மிச்சம் பூராவும் அவரு கதவு மாட்டற பஸ் பாடிப் பட்டறையில வேண்டாம்னு வீசற வைப்பருக்குள்ள ரப்பரோட சேந்து வருமே, அந்த மெல்லிசுத் தகடு. அத அரத்துல ராவி, உப்புத்தாள்ல தேச்சு, நுனியக் கொக்கு மூக்காட்டம் வளச்சு, பிடிக்குச் சைக்கிள் டியூப்பு சுத்தி, லீவு நாளெல்லாம் ஒக்காந்து செஞ்சு சேத்து வச்சிருந்தாரு. அதுக்கெல்லாம் பேரும் வச்சிருந்தாரு: கொக்கு, சாரைப்பாம்பு, வாயாடி, மச்சினன். மச்சினன்னு எதுக்குப் பேருன்னா, அது எந்தப் பூட்டுக்குள்ளயும் சுளுவா நொழஞ்சுரும், உள்ள போயி ஒரு வேலையும் செய்யாது.

ஏட்டு சிரிக்கல. "அவனவன் மீன் வளக்கறான், புறா வளக்கறான். உமக்கு இதுதானாய்யா கெடச்சுது?"

"மீனுக்குத் தீனி போடோணும், புறாவுக்குத் தண்ணி வெக்கோணும். பூட்டு ஒண்ணுங் கேக்காதுங்க."

"அப்ப எவன் ஊட்டுப் பூட்டா இருந்தாலும் தொறந்துருவீரு?"

"சொந்தக்காரங்க பக்கத்துல நின்னு 'தொற'ன்னு வாயால சொன்னாத்தானுங்க. இல்லைன்னா தொட மாட்டேன். இந்தப் பட்டறை வீதியில யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க."

ஏட்டு ஜன்னல் வழியா வெளிய எட்டிப் பாத்தாரு. வீதி நடுவுல, மாரப்பனோட டீக்கடைக்கு முன்னால, அந்தரத்துல அது பாட்டுக்குத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

"அத ஏன் இன்னும் தொறக்கல?"

"அதுக்குச் சொந்தக்காரங்க இன்னும் வர்லீங்க" ன்னாரு நாச்சிமுத்து.

அது வந்த கதை ஒண்ணும் பெருசில்ல. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில மாரப்பன் கடை ஷட்டரத் தூக்க வந்தப்ப, நெஞ்சு ஒசரத்துல ஒரு பித்தளைப் பூட்டு, வளையம் நல்லா அமுந்து பூட்டிக்கிட்டு, ஆணியில்லாம, சங்கிலியில்லாம, கதவில்லாம, காத்துல மாட்டி வச்சாப்பல நின்னுச்சு. யாரோ மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்கன்னுதான் மாரப்பன் மொதல்ல நெனச்சாரு. எடுத்து உள்ள வைக்கலாம்னு இழுத்துப் பாத்தாரு, வரல. ரெண்டு கையாலயும் தொங்கிப் பாத்தாரு, அப்பவும் அசையல. சரி, வர்றவங்க வந்து எடுத்துக்கட்டும்னு, தொடைக்கிற துணிய அது மேல காயப்போட்டுட்டுப் பாய்லரப் பத்த வைக்கப் போயிட்டாரு.

அன்னைக்கு ஒரு பையன் பைக்குல வந்து அதுல முட்டி, பைக்கோட டேங்க் மட்டும் நசுங்கி, பூட்டு நூலளவு கூட நகராம நின்னதுக்கப்புறம், நகராட்சியில இருந்து ஆளு வந்து அதச் சுத்தி மஞ்சப் பெயிண்ட்டுல வட்டம் போட்டுட்டு, 'சம்பந்தப்பட்டவர் உடனே அகற்றவும்'னு ஒரு தாள அந்தப் பூட்டு மேலயே ஒட்டிட்டுப் போனாங்க, பூட்டு அதக் கண்டுக்கல. பாடி கட்டறதுக்குன்னு வெறும் சேசிஸ ஓட்டிக்கிட்டு வர்ற டிரைவருங்க, கூரையில்லாத வண்டியில ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு, பூட்டுக்கு எடப்பக்கம் ஒடிச்சு வலப்பக்கம் வாங்கிப் போறதுக்குப் பழகிக்கிட்டாங்க. பொம்பளைங்க வெள்ளிக்கெழமை அதுக்கு மஞ்சத் தடவினாங்க, மாடுங்க அதுல கழுத்துச் சொறிஞ்சுக்கிச்சுங்க, ஒரு கட்சிக்காரங்க அதுல கொடி கட்ட, இன்னொரு கட்சிக்காரங்க சண்டைக்கு வர, கடைசியில ரெண்டு பேரும் கட்டறதில்லைன்னு பேசி முடிச்சாங்க, அந்த ஊருல அவங்க பேசி முடிச்ச ஒரே காரியம் அதுதான். மினி பஸ் கண்டக்டரு "பூட்டெல்லாம் எறங்கு, பூட்டெல்லாம் எறங்கு"ன்னு கூவ ஆரம்பிச்சதோட அது வீதியில ஒரு ஆளாயிருச்சு.

அது வெறும் பூட்டில்லைன்னு தெரிஞ்சது ஆறுமுகத்தாலதான். ஆறுமுகம் முடிவெட்டறவரு, ஒரு சேதி காதுல விழுந்தா அடுத்த தலை முடியறதுக்குள்ள அத ஊரு பூராவும் அனுப்பிடுவாரு. அவருகிட்ட மாரப்பன் ஒரு நாள் ஏதோ குடும்பச் சங்கதியச் சொல்ல, ஆறுமுகம் பூட்டு மேல ஒய்யாரமாக் கைய ஊனிக்கிட்டுக் கேட்டுட்டு, நாம எல்லாரும் சொல்றாப்பலதான் சொன்னாரு: "எனக்குத் தெரியாதா மாரப்பா, இதோட இருக்கட்டும்."

நமக்குள்ளன்னுதான் அவரு அர்த்தம் பண்ணினாரு. பூட்டு, தன்னோடன்னு அர்த்தம் பண்ணிக்கிச்சு.

ஆறுமுகம் தன் கடைக்குப் போயி, ஒக்காந்திருந்தவரு கழுத்துல துணியச் சுத்திட்டு, சேதியச் சொல்ல வாயத் தொறந்தாரு, வரல. சொல்லு ஞாபகம் இருக்குது, நாக்கு இருக்குது, சத்தம் இல்ல. அவரோட சோத்தாங்கை தானா மேல எந்திரிச்சு, நெஞ்சுக்கு நேரா, எதையோ புடிச்சாப்பல மூடிக்கிச்சு. அந்தச் சேதி அப்புறம் எப்பவும் அவரு வாயில இருந்து வரவேயில்ல, மத்ததெல்லாம் வந்துச்சு. இந்த விசயம் தெரிஞ்சதும் வீதி என்ன பண்ணியிருக்கும்னு நெனக்கறீங்க? பயப்படல. வரிசையில வந்து நின்னுச்சு.

கோவத்துல அண்ணங்காரனச் சொல்லப்போற சொல்லத் தம்பிகாரன் வந்து பூட்டப் புடிச்சுக்கிட்டு உள்ள விட்டுட்டுப் போனான், மாமியாளப் பத்திப் பொறந்த ஊட்டுல சொல்லக் கூடாததச் சொல்லிடுவோமோன்னு பயந்த மருமவ வந்து விட்டுட்டுப் போனா, பட்டறை மொதலாளி ஒருத்தரு காரு நிறுத்தி எறங்கி வந்து கண்ண மூடிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுட்டுப் போனாரு, காதலச் சொல்லாம விட்ட பசங்க, கேக்க வேண்டிய மன்னிப்பக் கேக்காம விட்ட கெழவனுங்க, எல்லாரும் வந்து, மெதுவாத் தொட்டு, "இதோட இருக்கட்டும்"னு சொல்லி, லேசான ஒடம்போட திரும்பிப் போனாங்க. வீதியில சண்டை கொறஞ்சுச்சு. அமைதின்னா அப்பிடியொரு அமைதி. யாரு கையாவது பேச்சு நடுவுல எந்திரிச்சு மூடிக்கிட்டா, 'பூட்டுக்கை'ன்னு சொல்லி, பாத்தவங்க மரியாதையா வேற பேச்சுக்கு மாறிக்குவாங்க. ஆறுமுகத்துக்குத்தான் தொழில் படுத்துருச்சு. சும்மா முடி மட்டும் வெட்டிக்கறதுக்கு எதுக்கு அவருகிட்டப் போகணும்?

நாச்சிமுத்துவுக்கு மட்டும் திடீர்னு மதிப்புக் கூடிப்போச்சு. ஆறேழு வருசமா "கம்பி ராவற கிறுக்கன்"னு சொன்னவங்க, வாழைப்பழச் சீப்போட வந்து, மழையப் பத்திப் பேசி, வெயிலப் பத்திப் பேசி, கடைசியா எந்திரிக்கும்போது, "ஏனுங்க, அத நீங்க தொறக்கற யோசனை ஏதும்…"ன்னு இழுப்பாங்க. "இல்லீங்க"ன்னு சொன்னா, பழத்த வச்சுட்டுப் போவாங்க. அந்த வருசம் அவரு ஊட்டுல பழத்துக்குப் பஞ்சமில்ல. அவரு சம்சாரம் வசந்தாமணி, "இந்தப் பூட்டு இன்னும் கொஞ்ச நாள் இருந்தா நாம பழமண்டி வெச்சரலாம்"னு சொல்லும்.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, கோகிலவாணி. துணிக்கடையில பில்லு போடற வேலை. சின்ன வயசுல இருந்தே இது வேணும், இது வேண்டாம்னு பட்டுனு சொல்ற புள்ள, மூக்குத்தி வேண்டாம்னு மூணாங்கிளாசுல சொன்னது, இன்னும் குத்தல. அதுக்கு ராசிபுரத்துப் பக்கத்துல இருந்து ஒரு சம்பந்தத்தக் கொண்டு வந்தது நாச்சிமுத்துவோட அக்கா துளசிமணி. பையன் லோகநாதன், சொந்தமா ஜவ்வரிசி மில்லு, கெட்ட பழக்கம்னு தேடினாலும் கெடைக்காது. துளசிமணி ஒண்ணு முடிவு பண்ணிட்டா லாரிக்கு முன்னால நின்னாலும் லாரிதான் ஒதுங்கும்.

நிச்சயத்தன்னைக்குக் காலையில, பூ வாங்கிட்டு வரோம்னு அத்தைக்காரி மருமவளக் கூட்டிக்கிட்டுப் போனா. திரும்பி வந்தப்ப பொண்ணு கையில பூ இருந்துச்சு. மத்தியானம் மாப்ள ஊட்டு ஆளுங்க வந்து, பூட்டப் பத்திக் கேள்விப்பட்டிருந்ததால ஆளாளுக்கு அதப் புடிச்சு நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு, அப்புறந்தான் ஊட்டுக்குள்ளயே நொழஞ்சாங்க. "ஏங்கண்ணு, உனக்குச் சம்மதந்தான?"ன்னு நாச்சிமுத்து சமையக்கட்டுல வச்சுத் தனியாத்தான் கேட்டாரு. "சரிப்பா"ன்னுச்சு. சந்தோசமாச் சொன்னதா, துக்கமாச் சொன்னதான்னு பாக்கறதுக்கு அவருக்கு நேரமில்ல, பந்தியில எலை பத்தலைன்னு கூப்பிட்டுட்டாங்க.

தையில கல்யாணம் முடிஞ்சு, ஆடி பொறந்ததும் வழக்கம் போல சீரு வச்சுப் பொண்ண ஊட்டுக்கு அழைச்சுக்கிட்டு வந்தாங்க. வந்தவ சிரிச்சா, பாத்திரம் கழுவினா, டிவி பாத்தா. ஆனா ஒரு நாள் காலையில வசந்தாமணி கரண்டியோட வந்து நின்னு, "இட்லி ஊத்தட்டுமா, தோசை சுடட்டுமாடி, உனக்கெது வேணும்?"னு கேட்டதுக்கு, கோகிலா வாயத் தொறந்தா, அவ கை மெதுவா எந்திரிச்சு, நெஞ்சுக்கு நேரா வந்து மூடிக்கிச்சு.

வசந்தாமணி பாக்கல, அடுப்புப் பக்கம் திரும்பிருச்சு. அரத்த வச்சுக்கிட்டு வாசப்படியில ஒக்காந்திருந்த நாச்சிமுத்து பாத்தாரு.

இட்லிக்கு எதுக்குப் பூட்டு? அன்னையில இருந்து அவரு கம்பி ராவறத விட்டுட்டுப் பொண்ணக் கவனிக்க ஆரம்பிச்சாரு. எந்தப் படம் பாக்கலாம்னு கேட்டாக் கை எந்திரிச்சுச்சு. பச்சைச் சேலையா, ஊதாவான்னு கேட்டா எந்திரிச்சுச்சு. பூட்டுக்குள்ள போட்ட ஒரு சொல்லு, பக்கத்துல இருக்கற சொல்லையெல்லாம் ஒண்ணொண்ணா உள்ள இழுத்துக்கிட்டு இருந்துச்சு. என்ன கேட்டாலும் வாயில இருந்து வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: சரி. போலாமா, சரி. சாப்புடறயா, சரி. ஆவணி பொறந்ததும் அங்க திரும்பிப் போகோணுமே கண்ணுன்னு அவ அம்மா சொன்னப்பவும், சரி. ஆனா பைய எடுக்கல, துணி மடிக்கல, சொவத்துல சாஞ்சு ஒக்காந்துகிட்டுக் கண்ணுல தண்ணி மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. இந்த ஒரு சொல்லோட இவள அனுப்பினா, அதுக்கப்புறம் எத்தன வருசம் ஆனாலும் அவகிட்ட இருந்து வேறெதுவும் வராதுன்னு நாச்சிமுத்துவுக்கு நல்லாத் தெரிஞ்சுபோச்சு.

அக்கா வந்தப்ப அவரு சுத்தி வளைக்கல.

"அக்கா, பூ வாங்கப் போறேன்னு போனீங்களே, பூட்டுகிட்டப் போனீங்களா?"

"போனா என்னடா? கலியாணத்துக்கு முந்தி எந்தப் புள்ளயும் ஏதாவது சொல்லத்தாஞ் செய்யும். நல்ல காரியத்துல ஒரு வார்த்தை குறுக்க விழுந்துரக் கூடாதுன்னுதான்…"

"அந்த வார்த்தை என்னன்னு சொல்லுங்க."

துளசிமணி வாயத் தொறந்தா. அவ கை எந்திரிச்சு மூடிக்கிச்சு. சமையக்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்த கோகிலாவோட கையும் அதே நேரத்துல எந்திரிச்சு மூடிக்கிச்சு. அன்னைக்கு மருமவ கை மேல தன் கைய வச்சு அமுக்கியிருக்கா, பூட்டு ரெண்டு பேருத்தையும் சேத்து வாங்கிக்கிச்சு. பெரிய கையும் சின்னக் கையும் ஒரே ஒசரத்துல நிக்கறதப் பாத்துட்டு, மொத தடவையா துளசிமணி ஒதுங்கிப் போனா.

ஆவணியில ராசிபுரத்துக்காரங்க வந்தாங்க. வேன்ல வந்து எறங்கி, பந்தல் மாதிரி நெழல் விழற எடமாப் பாத்து டீக்கடைக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டு ஒக்காந்தாங்க. மாப்ளையோட தாய்மாமன் அவிநாசியப்பன்தான் பேசினாரு. நல்ல மனுசன், வெள்ளைச் சட்டை, நியாயம் பேசறவரு, அவரோட கஷ்டமே அதுதான்.

"இங்க பாருங்க மச்சான், நாங்க வம்புக்கு வர்ல. பையன் அடிச்சானா? இல்ல. குடிச்சானா? இல்ல. எங்க ஊட்டுல யாராவது ஒரு சொல்லு சொன்னாங்களா? அதுவும் இல்ல. பொண்ணு வாயத் தொறந்து ஒரு காரணஞ் சொல்லட்டும், நாங்க இப்பவே எந்திரிச்சுப் போயிடறோம். காரணமில்லாம எப்பிடிங்க? இல்லைன்னா இன்னைக்கே அனுப்பி வெச்சுருங்க."

எல்லாரும் கோகிலாவப் பாத்தாங்க. அவ வாயத் தொறந்தா. கை எந்திரிச்சுச்சு. மொதல்லயெல்லாம் மெதுவா மூடின கை இப்ப வெரலு வெளுக்கற அளவுக்கு இறுக்கி மூடிக்கிச்சு.

"அட, பூட்டுக்கை" ன்னு மாரப்பன் மெதுவாச் சொன்னாரு.

"அதுக்கு நாங்க என்னுங்க பண்ண முடியும்?" ன்னாரு அவிநாசியப்பன், நெசமாவே வருத்தத்தோட. லோகநாதன் கைய ரெண்டையும் கட்டி அக்குளுக்குள்ள வச்சுக்கிட்டு, தரையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தான்.

நாச்சிமுத்து எந்திரிச்சு உள்ள போயி, துண்டோட சுருட்டின கம்பிகள எடுத்துக்கிட்டு வந்தாரு. அவரு எதுக்குப் போறாருன்னு அந்த நடையிலயே வீதிக்குத் தெரிஞ்சுபோச்சு. பட்டறையில ரிவெட்டு அடிக்கற சத்தம் நின்னுச்சு. மொதலாளி வந்தாரு, மருமவளுக வந்தாங்க, அண்ணன் தம்பி வந்தாங்க, பாதி வெட்டின தலையோட ஒருத்தரு வந்தாரு, அவரு பின்னாலயே சீப்போட ஆறுமுகம் வந்தாரு. எல்லாரும் பூட்டச் சுத்தி அந்த மஞ்ச வட்டத்துல நின்னாங்க.

"நாச்சிமுத்து, வேண்டாம்ப்பா. உன்ற பொண்ணுக்காக ஊரு பூராத்தையும் தொறந்துருவியா? எத்தன குடும்பம் இதுல நிக்குது!" ன்னாரு மொதலாளி.

"நீதான சொல்லுவ, சொந்தக்காரன் சொல்லாமத் தொட மாட்டேன்னு?" ன்னாரு மாரப்பன். "இதுல எங்க எல்லாருத்துக்கும் பங்கு இருக்குது. நாங்க சொல்லல."

நாச்சிமுத்து துண்டத் தரையில விரிச்சாரு. "நாயந்தான். அவங்கவங்க பங்கு என்னன்னு சொல்லுங்க. அத மொதல்ல ஜாக்கிரதையா எடுத்துக் குடுத்துட்டு, அப்புறமா என்ற பொண்ணோடத மட்டும் எடுக்கறேன்."

வட்டத்துல நின்ன அத்தன பேரும் சொல்லறதுக்கு வாயத் தொறந்தாங்க. அத்தன கையும் எந்திரிச்சுச்சு. ஏதோ கட்சிக் கூட்டத்துல உறுதிமொழி எடுக்கறாப்பல, மொதலாளியில இருந்து ஆறுமுகம் வரைக்கும், நெஞ்சுக்கு நேரா கைய மூடிக்கிட்டு, ஒரு சத்தமில்லாம, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்க. யாரோ சிரிப்ப அடக்கினாங்க. மாரப்பன் தன்னோட மூடின கைய, வேற யாரோ ஒருத்தரோடத மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"கண்ணு, இதுல உன்றதும் இருக்குது" ன்னாரு நாச்சிமுத்து. "நீ சொல்லு."

கோகிலா கூட்டத்துக்கு நடுவுல வந்து நின்னா. சரிங்கற சொல்லு ஒதட்டு வரைக்கும் வந்துச்சு, அத முழுங்கினா. கழுத்து நரம்பு பொடைக்க, எங்கிருந்தோ தோண்டி எடுத்தாப்பல, "தொறங்கப்பா" ன்னா.

அவரு வேலை செய்யும்போது பேச மாட்டாரு. குடைக்கம்பிய வளச்சுப் பூட்டோட வாயில அடிப்பக்கமாக் குடுத்து, எடக்கை சுண்டுவெரலால லேசா அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, கொக்க உள்ள விட்டாரு. பூட்டோட பல்லு ஒவ்வொண்ணும் எங்க இருக்குதுன்னு கம்பி வழியா வெரலுக்குச் சேதி வரும், கண்ணுக்கு வேலையில்ல. சாதாரணப் பூட்டுல நாலஞ்சு பல்லு இருக்கும். இதுல போயிக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணத் தூக்கினா அதுக்குப் பின்னால ஒண்ணு, அதத் தூக்கினா இன்னொண்ணு, சிலது பொசுக்குனு விட்டுக் குடுத்துச்சு, சிலது வருசக்கணக்கா யாரோ உள்ளயிருந்து அழுத்திப் புடிச்சாப்பல மொரண்டு புடிச்சுச்சு, ஒண்ணு நடுங்குச்சு. கம்பி உள்ள போயிப் போயி, பிடியில சுத்தின டியூப்பு வரைக்கும் முழுங்கிருச்சு. அவருக்கு வேர்த்துக் கொட்டிச்சு, ஆனா கை நெதானமாத்தான் இருந்துச்சு, தொறக்கும்னு அவருக்குத் தெரியும், பூட்டுன்னு ஒண்ணு செஞ்சிருந்தா அது தொறக்கத்தான் செய்யும், இல்லைன்னா அதுக்குப் பேரு செவுரு. கடைசியா ஒரே ஒரு பல்லு மிச்சமிருந்துச்சு. அது சின்னது. அத அவரு தூக்கல, தொட்டாரு, அவ்வளவுதான்.

டக்.

வளையம் மேல எந்திரிச்சு நின்னுச்சு. அடுத்த நிமிசம் வீதி பேச ஆரம்பிச்சுச்சு.

கேட்டவங்களுக்குச் சொல்லல, சொல்லணும்னுதான் சொன்னாங்க. "வரப்புக் கல்லத் தள்ளி நட்டது நாந்தான்ணா", "உன்ற கொழம்பு எனக்குப் புடிக்கும்டி வசந்தா, இருவது வருசமா நல்லால்லைன்னு சொன்னது பொய்யி" ன்னு எங்கிருந்தோ துளசிமணி, "உங்கள அன்னைக்குக் கை நீட்டி அடிச்சது தப்புங்க மேஸ்திரி" ன்னு பட்டறை மொதலாளி, "பாய்லருக்குள்ள நான் போடறது ஏலக்காயே இல்ல" ன்னு மாரப்பன். அதுக்கு மட்டும் ஒட்டுமொத்தமா, "அது தெரியும்!" னு பதில் வந்துச்சு. ஆறுமுகத்துக்கு அந்தப் பழைய சேதி நாக்குல வந்து நின்னுச்சு. ஆனா அவரு சொல்றதுக்குள்ள மாரப்பனே அதச் சொல்லி முடிச்சுட்டாரு. ரெண்டு பேரு சட்டையப் புடிச்சுக்கிட்டாங்க, ஒருத்தி அழுதா, ஒரு கெழவரு தன்னை விட வயசானவரு கையப் புடிச்சுக்கிட்டு விடவேயில்ல. ஊரு இடிஞ்சு விழும்னு நெனச்சுக்கிட்டு இருந்தவங்க, வீதி அப்பிடியேதான் இருக்குதுன்னு அங்கயும் இங்கயும் திரும்பிப் பாத்தாங்க.

இத்தன சத்தத்துக்கு நடுவுல கோகிலா சத்தமே போடல. கை தொறந்து கெடந்துச்சு. அவிநாசியப்பன் முன்னால வந்து நின்னு, சாதாரணமா, தண்ணி வேணும்னு கேக்கற மாதிரிச் சொன்னா:

"எனக்குப் புடிக்கலீங்க."

அவிநாசியப்பன் காத்திருந்தாரு. "ம், சொல்லு சாமி. எது புடிக்கல? எதனால?"

"இந்தக் கலியாணம் புடிக்கல. அப்பவே புடிக்கல. அதத்தான் அன்னைக்கு அத்தை இதோட இருக்கட்டும்னாங்க."

"அது சரிம்மா, காரணம்…"

"அதான் காரணம்."

நியாயம் பேசற மனுசனுக்கு அடுத்து என்ன கேக்கறதுன்னு தெரியல. வாயத் தொறந்தாரு, மூடினாரு. அவரு கை எங்கயும் எந்திரிக்கல, வெறுமனே சொல்லு இல்ல. அப்பத்தான் பின்னால நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. லோகநாதன் எந்திரிச்சு நின்னிருந்தான். அத்தன நேரமும் அக்குளுக்குள்ள அமுக்கி வச்சிருந்த கைய வெளிய எடுத்து, வெரல விரிச்சு மடக்கிப் பாத்துக்கிட்டு இருந்தான்.

"எனக்குந்தானுங்க மாமா" ன்னான்.

"என்னடா உனக்குந்தான்?"

"எனக்கும் புடிக்கல. நிச்சயத்தன்னைக்கு நீங்கதான, போட்டோ எடுக்கறேன், பூட்டப் புடிச்சுக்கிட்டு நில்லு, அந்தப் பேச்செல்லாம் இதோட இருக்கட்டும், சரின்னு சொல்லுன்னு சொன்னீங்க? நானும் சிரிச்சுக்கிட்டே சொல்லித் தொலைச்சுட்டேன். அதுல இருந்து என்ன கேட்டாலும் சரி, சரின்னுதான் வருது. ஊட்டுல நானும் சரி, அவளும் சரி. ஃபேன் போடட்டுமான்னா சரி, அணைக்கட்டுமான்னா சரி. ஒரு ராத்திரியெல்லாம் போட்டு அணைச்சுப் போட்டு அணைச்சு ரெண்டு பேரும் தூங்கவேயில்ல."

கோகிலாவும் லோகநாதனும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. தாலி கட்டினப்ப பாத்ததில்ல, தை மாசத்துல இருந்து ஒரே ஊட்டுல இருந்தும் பாத்ததில்ல, இப்பத்தான் பாத்தாங்க. மொதல்ல கோகிலாதான் சிரிச்சா. அப்புறம் அவனும் சிரிச்சான், வயித்தப் புடிச்சுக்கிட்டு, நாற்காலியிலயே திரும்ப விழுந்து சிரிச்சான். சுத்தி நின்னவங்களுக்கு எதுக்குன்னு முழுசாப் புரியாட்டியும், அந்தச் சிரிப்புல ரெண்டு ஊட்டுக்காரங்களும் அடுத்த வார்த்தைய மறந்துட்டாங்க.

அதுக்கப்புறம் பேச்சு வேற பக்கம் போச்சு. அவிநாசியப்பனும் துளசிமணியும், ரெண்டு பேரும் ஒரே தப்பப் பண்ணினவங்கங்கறதால, ஒருத்தர ஒருத்தர் குத்தஞ் சொல்லிக்கிட்டு நாயமாச் சண்டை போட்டாங்க. வசந்தாமணி பொண்ணு பக்கத்துல ஒக்காந்து, அவ கைய விரிச்சு, உள்ளங்கையில நகம் பதிஞ்ச எடத்தத் தேச்சு விட்டுச்சு. ஒரே பொண்ணு வாழ்க்கை இப்பிடி ஆயிருச்சேன்னு அழணும்னுதான் அது நெனச்சுச்சு, ஆனா பொண்ணு மூஞ்சியப் பாத்தப்ப அழுகை வரல. பூட்டு வாயத் தொறந்துக்கிட்டு அந்தரத்துலயே நின்னுச்சு, யாரும் அதப் பூட்டப் போகல, ஏன்னா பூட்டறதுக்கு முந்தி இன்னும் சொல்ல வேண்டியது நெறைய பேருக்கு இருந்துச்சு.

நாச்சிமுத்து கம்பிகளத் தொடச்சுத் துண்டுல அடுக்கிக்கிட்டு இருந்தாரு. கொக்கு நுனி நிமிந்து போயிருந்துச்சு, அத வெயில்ல காட்டி, திரும்ப வளச்சா நிக்குமான்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. கோகிலா பக்கத்துல வந்து ஒக்காந்தா.

"ஏம்ப்பா, ஊரு நம்ம மேல கோவமா இருக்குமா?"

"ரெண்டு நாளைக்கு இருக்கும். பழம் வராது. வாங்கிச் சாப்புட்டுக்கலாம்."

"அத்தை மேல எனக்குக் கோவம் இருக்குது."

"இருக்கட்டும் கண்ணு. வெளியவே இருக்கட்டும்."

அப்ப வேன் நின்ன பக்கத்துல இருந்து லோகநாதன் வந்தான். கொஞ்சம் தள்ளி நின்னு தலையச் சொறிஞ்சான். கோகிலாவப் பாத்து லேசாத் தலைய ஆட்டினான், அவளும் ஆட்டினா. பொறகு கூப்பிட்டான்.

"மாமா… வர்ற அவசரத்துல வண்டிச் சாவிய உள்ளயே வெச்சுப் பூட்டிட்டனுங்க. கொஞ்சம் வர்றீங்களா?"

"இதோ வந்துட்டேன் மாப்ள" ன்னு நாச்சிமுத்து பழக்கத்துல சொல்லிட்டாரு. சொன்னதுக்கப்புறம், அத மாத்திக்கணுமான்னு ஒரு நிமிசம் யோசிச்சாரு. மாத்திக்கணும்னு தோணல. கம்பியில ஒண்ண உருவிக் காதுல சொருகிக்கிட்டு, செருப்ப மாட்டிக்கிட்டுப் போனாரு.